அசைவு உறுத்தும்போது: ஈஸிங் பிழைகளை அறிகுறி வைத்துப் பிடிப்பது

“ஈஸ் போட்டாச்சு, ஆனா என்னமோ சரியில்ல.” திருத்தத்துக்கு வரும் அனிமேஷன் ஃபைல்களோடு எனக்கு அதிகம் வந்து சேரும் வரி இதுதான். ஈஸ் (ஈஸிங்) என்பது அசைவு கிளம்பும்போதோ நிற்கும்போதோ வேகம் படிப்படியாக மாறும்படி செய்வது. அந்த ‘என்னமோ’வுக்குள் பத்துப் பன்னிரண்டு விதமான பிழைகள் ஒளிந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் கண்ணுக்கு வேறு மாதிரி உறுத்தும். எப்படி உறுத்துகிறது என்று சொல்லத் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அதனால் கீழே எல்லாமே அறிகுறிவாரியாக இருக்கிறது; உங்களுக்குப் பொருந்துவதற்கு நேராகப் போய்விடலாம். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில், நேரத்தைத் தின்னும் காரணம் கடைசியில்.

எதையும் தொடும் முன்

ப்ரீவியூ உண்மையான வேகத்தில்தான் ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். கம்ப்யூட்டர் திணறி ஃப்ரேம்களை விழுங்கினால் நல்ல கர்வும் (வேகம் மாறும் விதத்தைக் காட்டும் வளைகோடு) குலுங்கத்தான் செய்யும். மோஷன் கிராஃபிக்ஸ் மென்பொருளான ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் இன்ஃபோ பேனல் இதைச் சொல்லிவிடும். 3டி மென்பொருளான பிளெண்டரில் வியூபோர்ட் (காட்சி தெரியும் கட்டம்) மூலையில் ஃப்ரேம் ரேட் எண் சிவப்பாகிவிடும். சந்தேகம் இருந்தால் சின்ன அளவில் ஒரு ரெண்டர் (முடிந்த வீடியோ) எடுத்து அதைப் பாருங்கள்.

அடுத்து, ஃபைலை ஒரு நகல் எடுத்து, அதில் எல்லா கீஃப்ரேமையும் (இடம், அளவு போன்ற மதிப்பை நாமே குறித்து வைக்கும் ஃப்ரேம்கள்) லீனியராக்கி, அதாவது ஒரே சீரான வேகத்துக்கு மாற்றி, ஓட்டுங்கள். அப்போதும் இழுவையாகவோ அவசரமாகவோ தெரிந்தால் பிழை டைமிங்கில் இருக்கிறது. எத்தனை ஃப்ரேம் என்பதே தப்பாக இருக்கும்போது எந்தக் கர்வும் காப்பாற்றாது.

மூன்றாவது, மோஷன் பாத்தில் (பொருள் போகும் வழியைக் காட்டும் கோட்டில்) உள்ள புள்ளிகள். ஒரு ஃப்ரேமுக்கு ஒரு புள்ளி. நெருக்கமாக இருந்தால் மெதுவு, அகலமாக இருந்தால் வேகம். கர்வைத் திருத்தும் கிராஃப் எடிட்டரைத் திறப்பதற்கு முன் நான் பார்ப்பது இந்தப் புள்ளிகளைத்தான். கீழே சொல்லும் பிழைகளில் பெரும்பாலானவை இங்கேயே அகப்பட்டுவிடும்.

அறிகுறி: தடாலென்று கிளம்பி தடாலென்று நிற்கிறது

*ஈஸ் போடவே இல்லையா?* சில கீஃப்ரேம்கள் விடுபட்டிருக்கலாம். டைம்லைனில் கீஃப்ரேமின் உருவத்தைப் பாருங்கள். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் வைரக்கட்டம் என்றால் லீனியர், மணல் கடிகாரம் போல் இருந்தால் ஈஸ். எஃப்9 அழுத்தினால் இரண்டு பக்கமும் ஈஸ் விழும்.

*போட்டிருக்கிறீர்கள், ஆனால் மாறிப் போயிருக்கிறதா?* இது எல்லோரும் ஒருமுறையாவது விழும் குழி. ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் ‘ஈஸி ஈஸ் இன்’ என்றால் அந்தக் கீஃப்ரேமுக்குள் வரும்போது வேகம் குறையும். இணையப் பக்கத்தின் தோற்றத்தை எழுதும் மொழியான சிஎஸ்எஸ்ஸில் ‘ஈஸ்-இன்’ என்றால் கிளம்பும்போது மெதுவு, முடியும்போது முழு வேகம். ஒரே பெயர், நேர் எதிர் பொருள். டிசைனர் “ஈஸ் இன் போடுங்க” என்று எழுதி அனுப்பியதை டெவலப்பர் தன் அகராதிப்படி போட்டால், மெல்ல வந்து அமர வேண்டிய மெனு சுவரில் மோதியதுபோல் நிற்கும். எங்கள் குழுவில் ‘இன்’, ‘அவுட்’ என்ற சொற்களையே விட்டுவிட்டோம். ‘கிளம்பும்போது மெதுவு’, ‘நிற்கும்போது மெதுவு’ என்றுதான் எழுதுகிறோம். அதன் பிறகு இந்தக் குழப்பம் வரவில்லை.

*இரண்டும் சரி, இன்னும் தடாலா?* ஃப்ரேம்களை எண்ணுங்கள். நொடிக்கு 24 ஃப்ரேம் ஓடும் படத்தில் மொத்த அசைவே 4 ஃப்ரேம் என்றால், மெதுவாவதற்கு இடமே இல்லை. 8, 10 ஃப்ரேம் கொடுத்துப் பாருங்கள். கொடுக்க முடியாத இடம் என்றால் கிளம்பும் பக்கத்து ஈஸை விட்டுக்கொடுத்து, இருக்கும் ஃப்ரேம்களை நிற்கும் பக்கத்துக்குத் தாருங்கள். கண் நிற்கும் இடத்தைத்தான் கூர்ந்து பார்க்கிறது.

அறிகுறி: போகும் வழியில் விட்டு விட்டு நிற்கிறது

ஒரு பேப்பர் விமானம் திரையின் குறுக்கே வளைந்து பறக்கிறது. ஐந்து கீஃப்ரேம். ஒவ்வொன்றிலும் ஒரு நொடி மூச்சு வாங்கிவிட்டுக் கிளம்புகிறது. நான் அதிகம் திருத்தியது இந்தப் பிழையைத்தான். காரணமும் பெரும்பாலும் ஒன்றே: எல்லாக் கீஃப்ரேமையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து எஃப்9 அழுத்தியது. ஈஸி ஈஸ் அந்தக் கீஃப்ரேமில் வேகத்தைப் பூஜ்யமாக்குகிறது. ஐந்து கீஃப்ரேம் என்றால் ஐந்து நிறுத்தம்.

இடைப்பட்ட ஒவ்வொரு கீஃப்ரேமையும் பார்த்து ஒரே கேள்வி கேளுங்கள்: இந்தப் பொருள் உண்மையிலேயே இங்கே நிற்கிறதா? நின்றால் ஈஸ் இருக்கட்டும். நிற்காமல் கடந்து போகிறது என்றால் அங்கே ஈஸுக்கு வேலை இல்லை. பிறகு இந்த வரிசையில் போங்கள்:

1. இடைக் கீஃப்ரேம் தேவையா? நீக்கிவிட்டுப் பாதையின் ஹேண்டிலை (வளைவை மாற்றும் பிடியை) இழுத்தே அந்த வளைவு வந்துவிடுமானால் நீக்குங்கள். கீஃப்ரேம் குறையக் குறைய பிழை குறையும்.
2. தேவை என்றால், ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் அதன்மேல் ரைட் கிளிக் செய்து ‘ரோவ் அக்ராஸ் டைம்’. இடைப்பட்ட கீஃப்ரேம்களின் நேரத்தை மென்பொருளே வேகத்துக்கு ஏற்பப் பங்கிட்டுக்கொள்ளும். பொசிஷன் போன்ற இடம் சார்ந்த பண்புகளுக்கு மட்டும் இது உண்டு. முதல், கடைசிக் கீஃப்ரேம்களுக்குக் கிடையாது.
3. பிளெண்டரில் கிராஃப் எடிட்டருக்குப் போய் அந்தப் புள்ளியின் ஹேண்டில் படுக்கையாகக் கிடக்கிறதா என்று பாருங்கள். படுத்திருந்தால் நிறுத்தம் என்று பொருள். கர்வ் போகும் திசையிலேயே சாய்த்து விடுங்கள்.

சிஎஸ்எஸ்ஸில் இதே பிழை வேறு வேடத்தில் வரும். 0, 40, 100 சதவீதம் என்று கீஃப்ரேம் எழுதி, மேலே ‘ஈஸ்-இன்-அவுட்’ போட்டால், அது மொத்த அசைவுக்கும் பொருந்தும் என்றுதான் தோன்றும். உண்மையில் ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியாகப் பொருந்துகிறது. 40 சதவீதத்தில் ஒரு முழு நிறுத்தம் விழும். முதல் துண்டுக்கு ஈஸ்-இன், நடுவில் துண்டுகள் இருந்தால் அவற்றுக்கு லீனியர், கடைசிக்கு ஈஸ்-அவுட் என்று கீஃப்ரேமுக்குள்ளேயே தனித்தனியாக எழுத வேண்டும்.

*எழுதியும் இணையும் இடத்தில் ஒரு உதைப்பு தெரிகிறதா?* வேகம் ஒட்டவில்லை. சிஎஸ்எஸ்ஸின் ஈஸ்-இன், தன் துண்டை முடிக்கும்போது அந்தத் துண்டின் சராசரி வேகத்தைப்போல் ஏறத்தாழ 1.7 மடங்கில் போய்க்கொண்டிருக்கும். முதல் துண்டு 0.3 நொடியில் 100 பிக்சல் என்றால் சராசரி நொடிக்கு 333. முடியும்போது 570-ஐத் தாண்டியிருக்கும். அடுத்த லீனியர் துண்டும் அதே வேகத்தில் ஓடும்படி தூரத்தையோ நேரத்தையோ மாற்றுங்கள்.

அறிகுறி: விழும் பொருள் பலூன் போல இறங்குகிறது

இதையும் எஃப்9 தான் செய்கிறது. ஆனால் இங்கே தப்பு இன்னும் ஆழமானது என்பதால் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

ஒரு பந்து 640 பிக்சல் உயரத்திலிருந்து 8 ஃப்ரேமில் தரைக்கு வருகிறது. இரண்டு முனையிலும் ஈஸி ஈஸ் போட்டால் ஒவ்வொரு ஃப்ரேமிலும் நகரும் தூரம் ஏறத்தாழ இப்படி இருக்கும்: 27, 73, 102, 118, 118, 102, 73, 27. தரையைத் தொடும் கடைசி ஃப்ரேமில் வெறும் 27 பிக்சல். பந்து தரையைக் கண்டு தயங்குகிறது.

புவியீர்ப்பில் விழும் பொருளின் இடைவெளி ஒற்றைப்படை எண்களாகக் கூடும்: 1, 3, 5, 7 என்று. நம் பந்துக்கு அது 10, 30, 50, 70, 90, 110, 130, 150. கூட்டிப் பாருங்கள், அதே 640 தான். கடைசி ஃப்ரேமில் 150 பிக்சல். 27-க்கும் 150-க்கும் உள்ள வித்தியாசம்தான் பந்துக்கு எடையைத் தருகிறது.

சோதனை எளிது. தரையைத் தொடும் கீஃப்ரேமில் ஈஸை முற்றிலும் எடுங்கள். உச்சியில் மட்டும் வைத்திருங்கள். வேல்யூ கிராஃபில் (மதிப்பு நேரத்தோடு மாறுவதைக் காட்டும் கோட்டில்) உச்சி வழவழப்பான வளைவாகவும் தரை கூரான முனையாகவும் தெரிய வேண்டும்.

*சரிசெய்தும் பந்து கோணலாகப் போகிறதா?* கிடைமட்டமும் செங்குத்தும் ஒரே பண்பில் கட்டுண்டு இருக்கும். ‘செபரேட் டைமென்ஷன்ஸ்’ கொடுத்துப் பிரியுங்கள். பக்கவாட்டு நகர்வு லீனியர், மேல்-கீழ் மட்டும் வளைவு.

*அதன் பிறகும் பெரிய பந்து சின்னதாகத் தெரிகிறதா, அல்லது சின்னது ராட்சசமாகத் தெரிகிறதா?* ஃப்ரேம் எண்ணிக்கையைப் பாருங்கள். நொடிக்கு 24 ஃப்ரேமில், 12 ஃப்ரேமில் ஒரு பொருள் சுமார் 1.2 மீட்டர் விழும். 24 ஃப்ரேமில் சுமார் 4.9 மீட்டர். மேசையிலிருந்து விழும் டம்ளருக்கு 20 ஃப்ரேம் கொடுத்தால் அது மாடியிலிருந்து விழுவதாகத்தான் கண் படிக்கும்.

பத்துப் பொருள்கள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து விழுகின்றன என்றால் கையால் கீஃப்ரேம் போடுவதை நிறுத்திவிடுங்கள். அது சிமுலேஷன் (மோதலையும் விழுவதையும் மென்பொருளையே கணக்கிட வைப்பது) செய்பவரின் வேலை. நான் ஒருமுறை பிடிவாதமாகக் கையால் செய்தேன். ஒன்றைத் திருத்தினால் இன்னொன்று காற்றில் தொங்கியது.

அறிகுறி: பட்டனை அழுத்தினால் திரை சோம்பலாகப் பதில் தருகிறது

பெரும்பாலும் உள்ளே வரும் பொருளுக்கு, கிளம்பும்போது மெதுவாகும் கர்வ் போட்டிருப்பார்கள். 300 மில்லிசெகண்ட் அசைவுக்கு அப்படி ஒரு கியூபிக் கர்வ் (தூரம் நேரத்தின் மும்மடியாகக் கூடுவது) கொடுத்தால், முதல் 90 மில்லிசெகண்டில் மொத்தத் தூரத்தில் 3 சதவீதம்கூட நகராது. அழுத்தியவருக்கு அழுத்தினோமா என்றே சந்தேகம் வரும். அதே கர்வைத் திருப்பிப் போட்டால் அதே 90 மில்லிசெகண்டில் சுமார் 66 சதவீதம் போய்விடும். நேரத்தைக் குறைக்கவே தேவையில்லாமல் திரை சுறுசுறுப்பாகிவிடும்.

திரைக்குள் வருவதற்கு நிற்கும்போது மெதுவு. வெளியே போவதற்குக் கிளம்பும்போது மெதுவு. திரைக்குள்ளேயே இடம் மாறினால் இரண்டும். இதைச் செய்தும் இழுத்தால் மொத்த நேரத்தை 200–300 மில்லிசெகண்டுக்குள் கொண்டுவாருங்கள்.

*கர்வ் சரி, நேரம் சரி, ஆனால் அழுத்தியதும் ஒரு வெற்று இடைவெளி?* அது ஈஸிங் அல்லவே அல்ல. அசைவு தொடங்கும் முன் வேறு ஏதோ வேலை நடக்கிறது. டெவலப்பரைக் கூப்பிடுங்கள்.

ஒரு வேண்டுகோள். தங்கள் கருவியில் ‘அசைவைக் குறை’ என்ற அமைப்பைப் போட்டிருப்பவர்களுக்கு, பெரிதாக நகரும் அசைவுகள் தலைசுற்றலைத் தரக்கூடும். எவ்வளவு மென்மையான கர்வாலும் அதைச் சரிசெய்ய முடியாது. அவர்களுக்கு நகர்வை நீக்கி, மங்கித் தோன்றுவதை மட்டும் வையுங்கள்.

அறிகுறி: நடுவில் மின்னித் தாவுகிறது

தொடக்கமும் முடிவும் பட்டுப்போல் இருக்கும். நடுவில் மட்டும் பொருள் மறைந்து மறைந்து தெரியும். இன்ஃப்ளூயன்ஸை (ஈஸ் எவ்வளவு தூரம் பரவுகிறது என்ற சதவீதத்தை) அதிகம் இழுத்ததன் விளைவு இது. முனைகளில் மிச்சம் பிடித்த தூரத்தை எல்லாம் நடுவில் கடந்தாக வேண்டும். 24 ஃப்ரேமில் 1000 பிக்சல் என்றால் லீனியரில் ஃப்ரேமுக்கு 42 பிக்சல். ஈஸி ஈஸின் வழக்கமான 33 சதவீதத்தில் உச்ச வேகம் 62 பிக்சல். இரண்டு பக்கமும் 80 சதவீதம் ஆக்கினால் உச்சம் 208 பிக்சலுக்குப் போகும். நகரும் பொருளின் அகலமே 150 பிக்சல் என்றால் அடுத்தடுத்த ஃப்ரேம்களில் அது ஒன்றையொன்று தொடக்கூட இல்லை. கண்ணால் கோத்துப் பார்க்க முடியாது.

இன்ஃப்ளூயன்ஸை 50, 60-க்கு இறக்குங்கள். போதவில்லையா, மோஷன் பிளர் (வேகமாக நகரும்போது தெரியும் மங்கல்) போடுங்கள். அதுவும் போதவில்லை என்றால் ஃப்ரேம்களைக் கூட்டுங்கள் அல்லது தூரத்தைக் குறையுங்கள். மொத்தப் படத்தையும் நொடிக்கு 60 ஃப்ரேமுக்கு மாற்றுவது கடைசி வழி. ரெண்டர் நேரம் ஏறும், படத்தின் குணமே மாறும்.

அறிகுறி: சொல்லாமலே தாண்டிப் போய்த் திரும்புகிறது

ஒரே இடத்தில் இரண்டு கீஃப்ரேம் வைத்து நிறுத்தியிருக்கிறீர்கள். ஆனாலும் அந்த நேரத்தில் பொருள் மெல்ல நழுவி மறுபடி வந்து சேர்கிறது. ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் பாதையைத் தானாகவே வளைத்துவிடுவதால் வருவது. இரண்டு கீஃப்ரேமையும் தேர்ந்து, கீஃப்ரேம் இன்டர்பொலேஷனில் ஸ்பேஷியல் (பாதையின் வடிவம்) என்பதை லீனியராக்குங்கள். ப்ரிஃபரன்ஸில் அதையே வழக்கமாக்கியும் விடலாம். பிளெண்டரில் ஹேண்டில் ‘ஆட்டோமேட்டிக்’ ஆக இருந்தால் இதே நழுவல் வரும். ‘ஆட்டோ கிளாம்ப்ட்’ ஆக்கினால் நிற்கும்.

இதற்கு எதிரான புகாரும் உண்டு: வேண்டுமென்றே தாண்டிப் போகும் கர்வ் கொடுத்தும் தாண்டவில்லை. ஒபாசிட்டிக்கு (ஒளிபுகாமைக்கு) அப்படிக் கொடுத்திருக்கிறீர்களா? அது 100-க்கு மேல் போகாது. மேலே போகும் பகுதி முழுக்க வெட்டுப்பட்டு, தாண்டலுக்குப் பதில் ஒரு தேக்கம்தான் மிஞ்சும். தாண்டலை ஸ்கேலுக்கோ பொசிஷனுக்கோ கொடுங்கள்.

அறிகுறி: சேர்ந்து போக வேண்டியவை நடுவில் பிரிகின்றன

எழுத்தும் அதன் பின்னணிப் பட்டையும் ஒன்றாகக் கிளம்பி ஒன்றாக நிற்கின்றன. நடுவில் எழுத்து பட்டையை விட்டு வெளியே எட்டிப் பார்க்கிறது. இரண்டுக்கும் கர்வ் வேறு. ஒன்றின் கீஃப்ரேமை நகலெடுத்து மற்றதில் ஒட்டுவதைவிட, ஒன்றை மற்றதற்குப் பேரண்ட் ஆக்கிவிடுவது நல்லது; பேரண்ட் நகர்ந்தால் மற்றது (சைல்ட்) கூடவே நகரும். பேரண்ட் ஆக்கிய பிறகு சைல்டில் பழைய கீஃப்ரேம்கள் மிச்சம் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் ஈஸ் மேல் ஈஸ் ஏறி, கணிக்க முடியாத ஆட்டம் வரும்.

நடக்கும் உருவத்தின் பாதம் தரையில் வழுக்குவதும் இதே குடும்பம்தான். நடை சுழற்சி (திரும்பத் திரும்ப ஓடும் கால் அசைவு) சீரான வேகத்தில் ஓடுகிறது, உடல் முன்னே போவதற்கு மட்டும் ஈஸ் போட்டிருக்கிறது. பாதம் எப்படித் தரையைப் பிடிக்கும்? உடலின் நகர்வை லீனியராக்குங்கள். கிளம்பும் முதல் இரண்டடியும் நிற்கும் கடைசி இரண்டடியும் மட்டும் தனியாகப் போஸ் போட்டுச் செய்ய வேண்டியவை. அதற்குக் கேரக்டர் அனிமேட்டர் ஒருவர் வேண்டும். கர்வை இழுத்து இதைச் சரிக்கட்ட முயன்ற எந்த ஃபைலும் என் கையில் உருப்படவில்லை.

அறிகுறி: ஜூம் முதலில் பாய்ந்து பிறகு நகர மறுக்கிறது

100 சதவீதத்திலிருந்து 800-க்கு 70 ஃப்ரேமில் லீனியராக ஏற்றினால், முதல் இரட்டிப்புக்கு 10 ஃப்ரேம், அடுத்த இரட்டிப்புக்கு 20, கடைசி இரட்டிப்புக்கு 40. கண் இரட்டிப்புகளைத்தான் எண்ணுகிறது. ஈஸை மாற்றி மாற்றிப் போட்டு இதைத் தேடாதீர்கள். கீஃப்ரேம் அசிஸ்டென்ட்டில் ‘எக்ஸ்பொனென்ஷியல் ஸ்கேல்’ இதற்கென்றே இருக்கிறது. 3டியில் என்றால் ஸ்கேலை விட்டுவிட்டு கேமராவை நகர்த்துங்கள்.

அறிகுறி: லூப் திரும்பும் இடத்தில் திக்குகிறது

சுழலும் சக்கரத்துக்கு ஈஸ் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். நிற்காத பொருளுக்கு ஈஸ் கிடையாது. எடுத்தும் திக்கினால் முதல் ஃப்ரேமும் கடைசி ஃப்ரேமும் ஒரே படம். அது இரண்டு முறை தெரிகிறது. 0-விலும் 24-இலும் கீஃப்ரேம் என்றால் 23 வரை மட்டும் ரெண்டர் செய்யுங்கள்.

அறிகுறி: என் திரையில் சரி, வேறு திரையில் வேகம் மாறுகிறது

இது கோடில் எழுதிய அசைவுகளுக்கு. ‘மிச்சமுள்ள தூரத்தில் ஒவ்வொரு ஃப்ரேமும் 10 சதவீதம் நகரு’ என்ற ஒற்றை வரி அழகாக மெதுவாகி நிற்கும், அதனால் எல்லோருக்கும் பிடிக்கும். ஆனால் அது ஃப்ரேமை எண்ணுகிறது, நேரத்தை எண்ணவில்லை. 95 சதவீதத் தூரம் கடக்க அதற்கு ஏறத்தாழ 28 ஃப்ரேம் வேண்டும். 60 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும்) திரையில் அது அரை நொடிக்கும் குறைவு; 120 ஹெர்ட்ஸில் கால் நொடி; 30-க்குத் திணறும் பழைய போனில் கிட்டத்தட்ட ஒரு நொடி.

சோதிக்க, திரையின் ரெஃப்ரெஷ் ரேட்டை மாற்றி ஒரே அசைவை ஸ்டாப்வாட்ச் வைத்துப் பாருங்கள். நேரம் மாறினால் இதுதான் பிழை. 0.1 என்ற நிலையான எண்ணுக்குப் பதிலாக, கடந்த ஃப்ரேமுக்குப் பின் ஓடிய நொடிகளை 60-ஆல் பெருக்கி, 0.9-ஐ அத்தனை அடுக்குக்கு உயர்த்தி, 1-இலிருந்து கழித்து வரும் எண்ணைப் போடச் சொல்லுங்கள். கூடவே, மிச்சம் அரைப் பிக்சலுக்குக் கீழே வந்ததும் இலக்கில் வைத்து நிறுத்தும் ஒரு வரியும் வேண்டும். இல்லையேல் அது இலக்கைத் தொடாமலே கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்.

*நேரம் மாறவில்லை, ஆனால் குலுங்குகிறதா?* அகலம், உயரம், இடது, மேல் என்ற பண்புகளை அசைக்கிறார்களா என்று கேளுங்கள். அவை ஒவ்வொரு ஃப்ரேமிலும் பக்கத்தின் அமைப்பையே மறுபடி கணக்கிட வைக்கின்றன. டிரான்ஸ்ஃபார்மும் (இடம், அளவு, சுழற்சியை மாற்றும் பண்பு) ஒபாசிட்டியும் அப்படிச் செய்வதில்லை. மாற்றியும் குலுங்கினால் ப்ரொஃபைலர் (எந்த வேலை எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அளக்கும் கருவி) வைத்துப் பார்க்கத் தெரிந்த டெவலப்பரிடம் விட்டுவிடுங்கள்.

விடும்போது வீடியோவை மட்டும் அனுப்பி “இது மாதிரி வேணும்” என்று எழுதாதீர்கள். அசையும் பண்பு, தொடக்க மதிப்பு, முடிவு மதிப்பு, காத்திருக்கும் நேரம், மொத்த நேரம், கர்வின் நான்கு எண்கள் (அதன் இரண்டு பிடிகளின் இடத்தைச் சொல்பவை). இவை ஆறும் ஒரு சீட்டில் இருந்தால் அசைவு உங்கள் திரையில் இருந்தபடியே அங்கேயும் போய்ச் சேரும்.